இனிமே அது எதுக்கு

"லூப் போட வந்தது யாரு?" என்று அந்த நர்ஸ் பிள்ளை ஹாலைப் பார்த்துக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. என்னைத்தான் என்று தெரியும். காலையில் அவள்தான் என்னை எடை மெஷினில் ஏற்றினாள், கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள், வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க என்றாள், கல்யாணம் ஆகலம்மா என்றேன், அவள் பேனா பேப்பருக்கு மேலே அப்படியே நின்றது, பிறகு மெதுவாக, சரி அப்பா பேரு சொல்லுங்க என்றாள். நாற்பத்திரண்டு வயசில் அப்பா பேரு. அப்பா கல்லறைக்குப் போய் எவ்வளவோ காலம் ஆயிற்று, செல்லையா என்றேன், அவர் பேருக்கு நேரே லூப் என்று எழுதியிருப்பாள். அப்போது அவ்வளவு பதவிசாகக் கேட்டவள் இப்போது எதற்கு இப்படிக் கூவுகிறாள். ஹால் நிறைய ஆட்கள். நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சிகள், அவர்களைக் கூட்டிவந்த மாமியார்கள், போனைத் தள்ளிக்கொண்டிருக்கிற புருஷன்மார். எனக்கு நேர் எதிரே ஜெனிஷாவின் அம்மா. எங்கள் ஹாஸ்டலில் எட்டாவது படிக்கிற ஜெனிஷா. என்னைப் பார்த்ததுமே "வார்டன் டீச்சரா, நீங்க எங்க இங்க?" என்று சிரித்தாள், நான் "சும்மா செக்கப்" என்றேன். இப்போது எழுந்து நின்றால் செக்கப் இல்லை, லூப். யாருடைய அண்ணன் வந்தாலும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிற வார்டன் டீச்சர் லூப் போட வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனைக்குப் போகிறதற்கு முன்னால் இந்தச் செய்தி அங்கே போய் உட்கார்ந்திருக்கும். எழுந்து நின்று, இல்லைங்க, இது அதுக்கு இல்லை என்று ஹாலைப் பார்த்துச் சொல்ல முடியுமா. அதுக்கு இல்லையென்றால் எதுக்கு என்று கேட்பார்கள். என் உதிரத்தின் கதையை இத்தனை பேருக்கும் சொல்ல வேண்டும். ஒரே மருந்துதான், டாக்டர் வளர்மதி எவ்வளவு பொறுமையாகச் சொன்னார்கள், நம் உடம்பில் சுரக்கிற ஒரு ஹார்மோனைப் போல மனுஷர் செய்த ஹார்மோன், ஒருத்திக்குப் பிள்ளை உண்டாகாமல் தடுக்கும், இன்னொருத்திக்கு ரத்தத்தை நிறுத்தும், மருந்துக்கு ஆள் தெரியாது. மருந்துக்குத் தெரியாது. ஆட்களுக்கு எல்லாம் தெரியும்.

பக்கத்தில் மைனி முழங்கையால் இடித்தாள். எப்சிபா மைனி, என் அண்ணன் பெண்டாட்டி. "ஏட்டி, ஒன்னயத்தான் கூப்பிடுதா."

"இருக்கட்டும் மைனி."

"என்ன இருக்கட்டும்? வெயிலுக்கு முன்ன வீட்டுக்குப் போண்டாமா? எனக்கு இங்க மூச்சு முட்டுது." என் ஸ்கேன் ரிப்போர்ட்டின் அட்டையை வாங்கி விசிறிக்கொண்டிருந்தாள். ஏசி ஓடுகிற ஹாலில் அவளுக்கு மட்டும் நெற்றியிலிருந்து கழுத்துக்கு வேர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன், இந்தச் சள்ளையே வேண்டாம், எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருன்னு. இனிமே அது எதுக்கு ஒனக்கு?"

இந்த வார்த்தைதான். சோற்றில் கல் மாதிரி, எந்தப் பக்கம் மென்றாலும் பல்லில் வந்து கடிபடுகிறது. இனிமே அது எதுக்கு. முதலில் சொன்னது அண்ணன். அதற்கு அடுத்து அண்ணன் கூட்டிப்போன பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். அவர் வேறு விதமாகச் சொன்னார், இட் ஹேஸ் நோ ஃபங்ஷன் நவ் என்று, அண்ணனைப் பார்த்துச் சொன்னார், நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். பிறகு எங்கள் பள்ளிக்கூடக் கரெஸ்பாண்டண்ட் அம்மா சொன்னார்கள், கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, கர்த்தர் உனக்கு அந்தப் பாக்கியத்தைக் கொடுக்கல, இனிமே அது எதுக்கும்மா, எடுத்துரு. எல்லோரும் பிரியமாகத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. எதுக்கு என்று எனக்கும் தெரியாது. என் இடது கைச் சுண்டுவிரல் எதுக்கு என்றுகூடத் தெரியாது, அதை வைத்து நான் ஒரு வேலையும் செய்ததில்லை, யாரும் வந்து அதை வெட்டிவிடு என்று சொல்லவில்லை. கர்ப்பப்பைக்கு மட்டும் கணக்குக் கேட்கிறார்கள். பிள்ளை பெற்றால் இருக்கலாம், பெறாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும், வாடகைக்கு இருக்கிற மாதிரி. பிள்ளை பெற்றவளையும் விடுகிறார்களா என்ன. பெற்றாச்சே, இனிமே எதுக்கு என்பார்கள்.

ரத்தம் போக ஆரம்பித்ததும் முதலில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று இருந்தேன். பிறகு புடவைகளின் நிறம் மாறியது. வெளிர்நீலம், சந்தனம், அம்மா கொடுத்த முத்து நிறப் பட்டு எல்லாம் பெட்டிக்கு அடியில் போயின. மெரூன், கறுப்பு, காபிக்கொட்டை. டீச்சர் ஏன் எப்பவும் துக்க வீட்டுக்குப் போற மாதிரியே உடுத்துறீங்க என்று ஒரு பிள்ளை கேட்டது. பஸ்ஸில் உட்கார மாட்டேன், உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பயம். காலை ஜெபத்தில் பிள்ளைகள் முழங்காலில் நிற்கும்போது நான் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு சுவராக நிற்பேன். ஒருநாள் ஸ்டோர் ரூமில் அரிசி அளந்துகொண்டிருந்தேன், கட்டி கட்டியாக இறங்கியது, காலோடு வழிந்து செருப்பு வழுக்கியது, சமையல்கார அக்கா வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் அழவில்லை. தரையைத் துடைக்கும்போது எரிச்சல்தான் வந்தது. நான் சம்பளம் வாங்குகிறேன், நாலு பேருக்குப் பதில் சொல்கிறேன், நூறு பெண் பிள்ளைகளை இருட்டில் காவல் காக்கிறேன், என் உடம்பு மட்டும் என் பேச்சை ஒரு வார்த்தைகூடக் கேட்க மாட்டேன் என்கிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்தது. நகம் வெளுத்தது. ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கிவிட்டது என்று லேப்பில் சொன்னார்கள், ஒரு நாள் முழுக்கப் படுக்கவைத்து யாரோ கொடுத்த ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். யாரோ கொடுத்தது மேலே ஏற, என்னுடையது கீழே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாத்திரை வந்தது. அதுவும் இதே இனத்து ஹார்மோன்தான், வாயால் விழுங்குகிறது. கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைவிழாவுக்கும் நாள் தள்ளிப்போட பெண்கள் கடையில் கேட்டு வாங்கிப் போடுவார்களே, அதே மாத்திரை. இரண்டு நாளில் குழாயை மூடின மாதிரி நின்றது. நின்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தில் வெளிர்நீலப் புடவையை எடுத்து உடுத்தினேன். ஆனால் மாத்திரை ரத்தத்தோடு நிற்கவில்லை. மார்பு கல்லாகக் கனத்தது, பிரா போட்டால் வலித்தது. முகம் உப்பியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகளிடம் கத்தினேன், கத்திவிட்டு அறைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன், எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் கோபம் என்னுடையதா, மாத்திரையுடையதா. இப்போது இந்த ஹாலில் உட்கார்ந்து எரிகிறேனே, இது என்னுடையதா. மாத்திரையை விட்டுத்தான் நாளாகிறதே, அப்படியானால் என்னுடையதுதான், நல்லது, இதையாவது என்னுடையது என்று வைத்துக்கொள்கிறேன். மாத்திரையை நிறுத்தினதும் முன்னைவிட மோசமாகப் போனது. மறுபடி மாத்திரை. மறுபடி நிறுத்தினால் மறுபடி. மெடிக்கல் கடைக்காரர் எங்கள் சபைதான், கொயரில் பாடுகிறவர், மூன்றாவது தடவை சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது ஹாஸ்டல் பிள்ளைகள் யாருக்கும் இல்லையே?" என்றார். எனக்குத்தான் என்றேன். ஓ, என்றார். அந்த ஓ என்னோடு தெருமுனை வரைக்கும் நடந்து வந்தது. அப்புறம் நான் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய், யாரென்றே தெரியாத கடையில் வாங்கினேன். தலைவலி மாத்திரை வாங்குகிறவன் யாருக்காவது பயந்து ஊர் மாறிப் போவானா.

அண்ணனைக் குறை சொல்லவும் முடியவில்லை. எபனேசர் அண்ணன் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான், என்னைப் படிக்கவைத்தது அவன்தான், லீவுக்குப் போனால் எனக்குப் பிடிக்கும் என்று சீலா மீன் தேடி அலைவான். எனக்கு வந்த மாப்பிள்ளைகளெல்லாம் எப்படி எப்படியோ தட்டிப்போனபோது என்னைவிட அவன்தான் மெலிந்தான். ரத்தம் ஏற்றின அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "ஒன்னய இப்பிடிப் பாக்க முடியலட்டி, எடுத்துருவோம், ஒரே நாளு, முடிஞ்சு போயிரும்" என்றான். ஒரே நாளு. அவனுக்கு எல்லாம் ஒரு சுவர் மாதிரி, பொரிந்துபோன பூச்சைச் சுரண்டி எடுத்தால் தீர்ந்தது. நாள்கூடக் குறித்துவிட்டு வந்தான். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மெடிக்கல் கேம்ப் வந்தது, டாக்டர் வளர்மதி பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு பற்றிப் பேசினார்கள், நான் வழக்கம்போலப் பின்னால் சுவரோடு நின்று கேட்டேன். பேசி முடித்துக் காருக்குப் போகும்போது வராந்தாவில் வழிமறித்தேன். வாய் உளறியது. அவர்கள் கார்க் கதவைச் சாத்திவிட்டு, படியிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசினது அதுதான் முதல் தடவை. எடுக்கறது ஒரு வழி, அது கடைசி வழி, அதுக்கு முன்னால வேற வழி இருக்குன்னு யாரும் சொல்லலியா என்றார்கள். யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை என்று சொல்லும்போது, கேட்காமல் இருந்த நான்தான் முட்டாள் மாதிரி வெட்கமாக இருந்தது. ஸ்கேன் பார்த்து, உள்ளே சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, பயப்பட ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் இந்தத் தேதி. அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டான். "லூப்பா? அது கல்யாணம் ஆனவளுக்குப் போடுறதுல்லா?" என்று அவன் கேட்டதற்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மைனியைத் துணைக்கு அனுப்பிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறான்.

"பியூலா செல்லையா!" நர்ஸ் இந்தத் தடவை பேரைச் சொன்னாள். அதுவும் சத்தமாகத்தான்.

எழுந்தேன். ஜெனிஷாவின் அம்மாவின் கண் என் முகத்தில், அங்கிருந்து என் வெறுங்கழுத்தில், அங்கிருந்து மைனியின் முகத்தில். சொல்லாமல் போய்விடலாம். சொல்லாமல் போனால் அவளாகவே ஒரு கதை சொல்லிக்கொள்வாள். "எனக்கு ரொம்ப ரத்தம் போகுதும்மா, நிக்க மாட்டேங்குது, அதுக்காக வைக்காங்க" என்றேன். என் குரல்தானா அது. ஹாலில் ரெண்டு ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜெனிஷாவின் அம்மா என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான் டீச்சர், அதுக்குத்தான் வந்தேன், எடுக்கணும்னு சொல்லுதாங்க" என்றாள். ஐயோ, இவ்வளவு நேரம் இவளுக்கா பயந்தேன். இன்னும் கொஞ்சம் நின்று ஏதாவது சொல்லியிருக்கலாம், உள்ளே கேட்டுப் பாருங்க என்றாவது. நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், போய்விட்டேன்.

டாக்டர் வளர்மதி மேஜைமேல் ஒரு மாதிரிச் சாதனத்தை வைத்துக் காட்டினார்கள். பிளாஸ்டிக்கில் ஆங்கில டி எழுத்து, அடியில் ரெண்டு மீசை மாதிரி நூல். இவ்வளவுதானா. இதற்கா இவ்வளவு. "இந்தத் தண்டுக்குள்ள ஹார்மோன் இருக்கு. தினம் துளித்துளியா கர்ப்பப்பைக்குள்ளேயே விடும். மாத்திரை மாதிரி உடம்பு முழுக்க அவ்வளவா பரவாது. உள்பூச்சு தடிக்காம வச்சுக்கும், போகப் போக ரத்தம் குறையும். சிலருக்கு நின்னே போகும். ஆனா முதல் சில மாசம் தொட்டுத் தொட்டுக் கறை படும், சலிப்பாத்தான் இருக்கும், உடனே என்னைத் திட்டக் கூடாது." சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுபடி சில மாசமா. மறுபடி கறுப்புப் புடவையா. வேலை செய்யாவிட்டால், என்று கேட்டேன். "செய்யாமலும் போகலாம். அப்போ மத்ததை யோசிப்போம். ஆபரேஷன் எங்கேயும் ஓடிப் போகாது." யாரும் எனக்கு நிச்சயமாக ஒன்றைச் சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது. நிச்சயமாகச் சொன்னவர்கள் எல்லோரும் எடு என்றுதான் சொன்னார்கள். "இன்னொண்ணும் இருக்கு," டாக்டர் சொன்னார்கள், "கொஞ்ச வருஷம் கழிச்சு உங்களுக்கு மாதவிலக்கு நிக்கிற காலம் வரும். அப்போ உடம்பு திகுதிகுன்னு எரியுது, வேர்த்துக் கொட்டுது, தூக்கம் இல்லைன்னா அதுக்கும் ஹார்மோன் சிகிச்சை உண்டு. கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு அந்தச் சிகிச்சையைத் தனியாத் தந்தா உள்பூச்சு தடிக்கும். இந்த மாதிரி ஒண்ணு உள்ளே இருந்தா அதுக்குக் காவலா இருக்கும்."

என் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மைனியின் விசிறல் நின்றது. "வேர்த்துக் கொட்டுறதுக்கு மருந்து இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா. யாருக்கு?"

"சும்மா கேட்டேன்."

மயக்கம் கொடுக்கட்டுமா, உங்களுக்குப் பிரசவம் ஆகாததால கொஞ்சம் வலிக்கும் என்றார்கள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன். முழித்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது, எனக்கு என்ன செய்கிறார்கள் என்று நான் இருந்து பார்க்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் மைனி, இந்தப் பக்கம் நான், மேலே ஒரு வெள்ளை விளக்கு, கால்கள் ரெண்டும் இரும்புத் தாங்கியில். மரத்துப்போகிற ஊசி போட்டார்கள், அதுவே வலித்தது. மூச்சை விடுங்க, பல்லைக் கடிக்காதீங்க. குளிர்ந்த இரும்பு. நாற்பத்திரண்டு வருஷம் நான்கூடப் பார்க்காத இடம், எல்லோரும் எதுக்கு எதுக்கு என்று கேட்ட இடம், இப்போது தானே எழுந்து பதில் சொல்கிற மாதிரி ஒரு பிடி பிடித்தது பாருங்கள், அடிவயிற்றிலிருந்து தொடை வரைக்கும், முதுகுத் தண்டுக்குள் யாரோ கம்பியை விட்டு முறுக்கின மாதிரி. இருக்கிறேன் என்கிறது. இருக்கட்டும், இரு, ஆனால் இப்படியா சொல்வது. நர்ஸ் பிள்ளை என் நெற்றியில் கை வைத்தாள். மீன் விற்கிற குரல் வைத்திருக்கிறவளுக்கு இவ்வளவு மெத்தென்ற கை. அந்த வலிக்கு நடுவில்தான் திரைக்கு அந்தப் பக்கமிருந்து மைனியின் குரல் கேட்டது, யாரிடமோ பேசுகிற மாதிரி இல்லை, திரைத்துணியிடம் பேசுகிற மாதிரி.

"டாக்டரம்மா, எனக்குத்தான் கேட்டேன். எனக்கு எடுத்துட்டாங்க. முப்பத்தெட்டு வயசுல."

"ஒரு நிமிஷம்மா, இதோ முடிஞ்சுது. பியூலா, அவ்வளவுதான், வச்சாச்சு. நூலை மட்டும் வெட்டுறேன்." அப்புறம் திரைக்கு அப்பால் பார்த்து, "இப்போ உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தொண்ணு."

"சினைப்பையையும் சேர்த்து எடுத்தாங்களா? ஒண்ணா, ரெண்டுமா?"

"தெரியல," என்றாள் மைனி. "எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சுன்னு சொன்னாங்க."

"யாரு, டாக்டரா?"

"எங்க வீட்டுக்காரங்க."

கத்தரிக்கோல் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. "ஆபரேஷன் முடிஞ்சு எவ்வளவு நாள்ல இந்த வேர்வை ஆரம்பிச்சுது?"

"ஆஸ்பத்திரியில இருக்கும்போதே. ராத்திரி எந்திரிச்சு சேலையப் பிழிவேன். இப்பவும் தூங்குறதில்ல. போன வருஷம் குளியலறையில லேசா கைய ஊனினேன், மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு."

"அதுக்கு எதுவும் மருந்து குடுத்தாங்களா?"

"இல்ல. எல்லாருக்கும் அப்படித்தான்னு சொன்னாங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே நின்றார்கள். எனக்கு அவர்கள் முகம் தெரிந்தது, மைனிக்குத் தெரியாது, நல்லவேளை. "அந்த வயசுல ரெண்டையும் எடுத்தா அப்பவே ஹார்மோன் ஆரம்பிச்சிருக்கணும்மா. மத்தவங்களுக்கு இயற்கையா நிக்கிற வயசு வரைக்குமாவது குடுக்கிறதுதான் வழக்கம். கர்ப்பப்பை இல்லாததால உங்களுக்கு மாத்திரை ஒண்ணே போதுமாயிருந்திருக்கும்." இப்போ தரமாட்டீங்களா என்றாள் மைனி. குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டாள். "தரமாட்டேன்னு சொல்லல. ரொம்பக் காலம் தள்ளிப்போச்சு, அதனால சட்டுனு எழுதிக் குடுக்க முடியாது. எலும்பு, மார்பு, ரத்தம் எல்லாம் பாக்கணும். ஹார்மோன் சரிவராட்டி வேற மருந்தும் இருக்கு. முதல்ல என்ன எடுத்தாங்கன்னு தெரியணும். பேப்பர் இருக்கா?" வீடு மாறும்போது போயிட்டு என்றாள். "அப்போ விவரம் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கே பாக்கலாம், சீட்டு போட்டுக்குங்க."

என்னைப் பக்கத்து அறைக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். வயிறு இறுக்கி இறுக்கி விட்டது. மைனி கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தைத் தேய்த்துவிட்டாள், நான் கேட்காமலே. பதிமூன்று வருஷம், ஆபரேஷன் ஆனது எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு அவள் பட்டது தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று எழுந்து புழக்கடைக்கு ஓடுவாளே, வீம்பு என்று நினைத்தேன். அண்ணனிடம் எரிந்து விழுவாளே, குணம் என்று நினைத்தேன். நானும் அந்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் பிள்ளைகளிடம் கத்தினேனே, எனக்காவது மாத்திரைமேல் பழி போடத் தெரிந்தது, அவளுக்கு யார் சொன்னார்கள். இத்தனையும் பட்டவள் என்னையும் எடு எடு என்று ஏன் விரட்டினாள், அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்டே விட்டேன். மைனி கையை நிறுத்தவில்லை.

"எடுத்தா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். இதுதான் நிம்மதின்னு நெனச்சிட்டேன்ட்டி. ரத்தம் நின்னுச்சுல்லா." கொஞ்சம் தேய்த்தாள். "அன்னைக்கு நான் மயக்கத்துல கெடந்தேன். டாக்டரு வெளிய வந்து ஒங்க அண்ணன்கிட்ட கேட்டாராம், எல்லாத்தையும் எடுத்துரவா, பின்னால தொந்தரவு இருக்காதுன்னு. இவங்க சரின்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு, சாப்பிட்டுக்கிட்டே சொன்னாங்க. நானும் கொழம்பு ஊத்திக்கிட்டே கேட்டேன்."

அண்ணன் சீலா மீன் தேடி அலைகிறவன். அவன் கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும். அவனைத் திட்டலாம், அந்தப் பெரிய டாக்டரைத் திட்டலாம், கரெஸ்பாண்டண்ட் அம்மாவைத் திட்டலாம், ஆனால் எல்லோரும் கையில் பழப் பையோடு வந்து நிற்கிறார்கள். வலி மறுபடி வந்து போனது. அது போகிற வழியில் எனக்கு மைனியின் கையைப் பிடிக்கத் தோன்றியது, பிடித்தேன், மணிக்கட்டு ஒடிந்த பக்கம், அவள் உஸ் என்றாள், விட்டுவிட்டேன்.

அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "வலிக்கா?" என்றான். பரவாயில்ல என்றேன். "முடிஞ்சிட்டுல்லா. அப்போ கெளம்புவமா? கடையில ஆளில்ல."

மைனி எழுந்திருக்கவில்லை. "நான் டாக்டரப் பாக்கணும்."

"அதான் பாத்தாச்சே."

"எனக்கு. சீட்டு போட்டிருக்கேன்."

"ஒனக்கா? ஒனக்கு என்ன, நீ நல்லாத்தான இருக்க?"

அவன் உண்மையாகவே கேட்டான். அந்த முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. மைனி அழுவாள், இல்லாவிட்டால் வழக்கம்போல எரிந்து விழுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அன்னைக்கு என்னத்தயெல்லாம் எடுத்தாங்கன்னு டாக்டரம்மா கேக்காங்க. எனக்குத் தெரியல. ஒங்களுக்குத்தான் தெரியும். உள்ள வந்து சொல்லுங்க."

அண்ணனின் கை கார்ச் சாவியோடு நடுவழியில் நின்றது. அவன் என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்லேன் என்கிற மாதிரி. நான் கதவைப் பார்த்தேன். பக்கத்து அறையில் நர்ஸ் பிள்ளை "எப்சிபா எபனேசர்!" என்று கூவினாள், மைனி நடந்தாள், கொஞ்சம் பொறுத்து அவள் பின்னால் அவனும்.